அசையாத பொருள்

முதல் சைக்கிள் போனது
ஐந்து ரோடு ரவுண்டானா பக்கம்,
பல் டாக்டர் வாசலில்.
உள்ளே வாயைத் திறந்து படுத்திருந்த இருபது நிமிடம்.
வெளியே வந்தபோது பாதிக் கன்னம் மரத்திருந்தது,
கத்தினால் குழறியது.
தரையில் கேபிள் பூட்டு கிடந்தது,
பூட்டியது பூட்டியபடி,
நடுவில் வெட்டுப்பட்டு.
பச்சை பிளாஸ்டிக் உறைக்குள்
நாட்டு மாங்கொட்டை நாரைவிட மெலிசாகக் கம்பிகள்.

சாவி என்னிடம்தான் இருந்தது.
இன்னும் இருக்கிறது.

பதினாலாயிரம் ரூபாய் சைக்கிளுக்கு
நூற்றிருபது ரூபாய் பூட்டு.
கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான்,
வெளியே சொல்லவில்லை.

இந்த முறை பழையபேட்டை நயாஸ் கடையில்
முக்கால் மணி நேரம் நின்றேன்.
நம்பர் பூட்டை அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்:
"பஸ் வர்றதுக்குள்ள திருகிப் பாத்துடுவான், வேணாம்மா."
சங்கிலி நல்லது, கழுத்தை இழுக்கும்.
யு-பூட்டு இன்னும் நல்லது,
"ஆனா அதுக்குள்ள ஃப்ரேமும் வரணும், சக்கரமும் வரணும், கம்பமும் வரணும்.
நம்ம ஊர்ல அந்த சைசுக்குக் கம்பம் எங்க இருக்கு?"
ஆயிரத்து எண்ணூறு.
வாங்கிக்கொண்டேன்.

இன்சூரன்ஸ் முனிரத்தினம் பில் கேட்டார்.
இருந்தது.
ஃப்ரேம் நம்பர் கேட்டார்.
புது சைக்கிளை முதல் தடவையாகத் தலைகீழாகக் கவிழ்த்து
பெடல் அச்சின் அடியில் அப்பியிருந்த சேற்றைப்
பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
இரண்டு எழுத்து, ஒன்பது எண்.
போனதற்கும் இப்படி ஒன்று இருந்திருக்கும்.
ஸ்டேஷனில் கேட்டபோது
"நீலக் கலர், முன்னாடி கூடை" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அந்த வரி:
'வாகனம் அசையாத பொருளுடன்
பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.'
"மரம் ஆகுமா சார்?"
"மரத்தைப் பத்தி எழுதலியே."

அன்றிலிருந்து ஊரை இதற்காகவே பார்க்கிறேன்.
டீக்கடைப் பந்தல் கால் கயிற்றில் நிற்கிறது.
நோ பார்க்கிங் பலகையை
யாரோ தினமும் காலையில் தூக்கிவந்து வைக்கிறார்கள்.
மின்கம்பம் அசையாது,
என் பூட்டுக்கு அதன் இடுப்பு பெரிசு.
கட்சிக் கொடிக்கம்பம் அளவெடுத்த மாதிரி இருக்கிறது;
அதில் பூட்டினால்
அது வேறு பிரச்சினை.
மிச்சம் இருப்பது மலை.

மலையை நான் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது.
எடைமேடைக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து
அதன் எடையை எழுதுவதுதான் என் வேலை.
முப்பத்தெட்டு டன். நாற்பத்தொன்று. மறுபடி முப்பத்தெட்டு.
சதுரம் சதுரமாக, இரும்புச் சங்கிலி போட்டு,
ஒரு பக்கம் இன்னும் ஈரமாக,
சென்னை ரோட்டில் ஏறிப் போகிறது.
அந்தப் பாறைக்கும் இன்சூரன்ஸ் உண்டு,
ரசீதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மதியம் லாரி இல்லாத நேரம்
சைக்கிளை மேடைமேல் உருட்டி நிறுத்தினேன்.
இருபது கிலோ.
யு-பூட்டைக் கழற்றி எடுத்துவிட்டுப் பார்த்தேன்.
இருபது கிலோ.
பத்து பத்தாகத்தான் எண்ணும் அந்த இயந்திரம்.
டிரைவர் திம்மராயன் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்.
அவர் தன் வண்டியைப் பூட்டுவதே இல்லை.
"நாப்பது டன்ன எவன் தூக்குவான்?"
என்றவர், போகும்போது
கல் கட்டும் சங்கிலியில் அறுந்த ஒரு முழத்தைக்
கூடையில் போட்டுவிட்டுப் போனார்.
கூடை கோணிக்கொண்டது.

இப்போது மேடையின் ஓரக் கம்பியில் பூட்டுகிறேன்,
கான்கிரீட்டில் நட்ட கம்பி.
எல்லாம் ஏறி இறங்கிப் போகிற இடத்தில்
அது ஒன்று நிற்கிறது.
போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒத்துக்கொண்டார்கள்.
வருஷத்துக்கு அறுநூற்று நாற்பது.

படிவத்தில் கடைசிப் பக்கம்:
இதற்கு முன் திருட்டு நடந்துள்ளதா?
ஆம்.
மீட்கப்பட்டதா?
அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
முனிரத்தினம் பக்கத்தைத் திருப்பி,
காலி இடத்தில் விரலை வைத்து,
பேனாவை என் பக்கம் நீட்டினார்.